பதிவேட்டில் ஒரு வரி: குடிமைப் பதிவு உருவான வரலாறு

ஒரு நாட்டின் எல்லைக்குள் நிகழும் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும், திருமணம், மணமுறிவு, தத்தெடுப்பு ஆகியவற்றையும், அவை நிகழ்ந்த சூட்டோடு அரசு நியமித்த அலுவலர் சட்டம் வகுத்த முறையில் எழுதி, என்றென்றைக்கும் பாதுகாத்துவைக்கும் ஏற்பாட்டுக்குக் குடிமைப் பதிவு என்று பெயர். இது இடைவிடாமல் நடைபெற வேண்டும், நிலையானதாக இருக்க வேண்டும், கட்டாயமாக இருக்க வேண்டும், ஒருவரையும் விடாமல் உள்ளடக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அவை இதற்கு நான்கு இலக்கணங்களைக் கூறுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் இதையும் ஒன்றாகக் கருதுவோர் உண்டு. இரண்டும் வேறு வேறானவை. கணக்கெடுப்பு குறிப்பிட்ட ஒரு நாளில் நாட்டில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்லும். அதில் ஒருவர் தந்த விவரம் மறைவாகவே இருக்கும், இந்தியச் சட்டப்படி அதை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டவும் இயலாது. குடிமைப் பதிவிலோ ஒவ்வொரு வரியும் ஒரு மனிதருக்கு உரியது. அவர் அதன் நகலைக் கேட்டுப் பெறலாம், அதைக் காட்டிப் பள்ளியில் சேரலாம், சொத்துரிமை கோரலாம், குடியுரிமையை நிலைநாட்டலாம். நிலமும் வீடும் உடையவர்களுக்குத் தாம் இன்னார் என்று நிறுவப் பத்திரங்களும் பெரிய மனிதர்களின் சாட்சியமும் எப்போதும் கிடைத்துவந்திருக்கின்றன. அவை ஏதும் இல்லாத ஒருவருக்குப் பதிவேட்டின் அந்த ஒரு வரியே முழுச் சாட்சி. ஆள்வோர் தம் தேவைக்காகத் தொடங்கிய பதிவேடு, ஆளப்படுவோரின் உரிமையாக மாறுவதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. பல இடங்களில் அந்த மாற்றம் இன்னும் முடியவில்லை.

மக்களைப் பட்டியலிடும் வழக்கம் மிகப் பழையது. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்துச் சட்டங்களின்படி ரோமக் குடிமக்கள் தங்களுக்குப் பிறந்த குழந்தையை அலுவலரிடம் அறிவித்தார்கள். அவ்வாறு அறிவித்ததன் நகல்களைத் தாங்கிய மரப்பலகைகள் எகிப்தின் வறண்ட மண்ணிலிருந்து கிடைத்துள்ளன. ரோமர் ஆட்சியில் இருந்த எகிப்தில் ஆண்களுக்குத் தலைவரி விதிக்கப்பட்டதால், இறந்தவரின் பெயரை வரிப்பட்டியலிலிருந்து நீக்கும்படி உறவினர் கொடுத்த விண்ணப்பங்களும் பாப்பிரஸ் தாள்களில் எஞ்சியுள்ளன. வரியும் படைச் சேவையும் யாரிடமிருந்து பெறத்தக்கவை என்று அறிவதே இத்தகைய பட்டியல்களின் முதன்மையான நோக்கமாக இருந்தது. ஆயினும், இறப்பைப் பதிவதால் ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு வரிச்சுமை குறைந்தது என்பதை அந்த விண்ணப்பங்கள் காட்டுகின்றன. தமக்குப் பயன் தரும் பதிவை மக்கள் தாமே தேடிச் செல்வார்கள் என்ற உண்மை அன்றே வெளிப்பட்டுவிட்டது.

ஐரோப்பாவில் தொடர்ச்சியான பதிவேடுகள் தேவாலயங்களில் உருவாயின. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள திருச்சபை வட்டாரத்திலும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை வாரந்தோறும் எழுதிவைக்க வேண்டும் என்று 1538இல் ஆணையிட்டார். அடுத்த ஆண்டே பிரான்சில் முதலாம் பிரான்சுவா மன்னரின் வில்லேர்-கோத்ரே ஆணை ஞானஸ்நானப் பதிவைக் கட்டாயமாக்கியது. 1563இல் நிறைவுற்ற திரெந்து பொதுச்சங்கம் கத்தோலிக்கப் பங்குகள் திருமணங்களைப் பதிய வேண்டும் என்று விதித்தது. புதிய ஏடு வரி விதிப்பதற்கான முன்னேற்பாடு என்று இங்கிலாந்தின் மக்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் வீணானதன்று. பிரான்சுடன் நடந்த போருக்குப் பணம் திரட்ட 1694இல் நாடாளுமன்றம் பிறப்புக்கும் திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் வரி விதித்தது; 1783இல் பதிவேட்டின் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் முத்திரை வரி வந்து, 1794 வரை நீடித்தது. பதிவுக்குக் காசு கேட்டால் ஏழை ஏட்டிலிருந்து மறைந்துபோவான் என்பது அப்போதே தெரிந்த பாடம். இந்தியாவில் உரிய காலத்துக்குள் அறிவிக்கப்படும் பிறப்புக்கும் இறப்புக்கும் கட்டணம் இல்லை என்று சட்டம் வைத்திருப்பதன் நியாயத்தை இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் முழுமையாக உணர முடியும்.

தேவாலய ஏடுகளின் பெரிய குறை அவை எதை எழுதின என்பதில் இருந்தது. குரு பதிந்தது ஞானஸ்நானத்தை. பிறந்த நாள் எழுதப்படாமலே போவதும் உண்டு. அடக்கச் சடங்கு நடந்த நாள் எழுதப்பட்டது. இறந்த நாளும் இறந்ததற்கான காரணமும் பெரும்பாலும் எழுதப்படவில்லை. ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்த சிசு ஏட்டில் இடம்பெறவில்லை. வேறு சமயத்தவர், வேறு சபையினர் எவரும் இடம்பெறவில்லை. தமிழகத்துக்கு இத்தகைய ஏடுகள் ஐரோப்பிய வணிகர்களோடும் குருமார்களோடும் வந்து சேர்ந்தன. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மரியாள் ஆலயத்தின் திருமணப் பதிவேடு, அந்த ஆலயம் திறக்கப்பட்ட 1680ஆம் ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் எலிஹு யேலின் திருமணத்தோடு தொடங்குகிறது. கம்பெனிப் படையதிகாரி ராபர்ட் கிளைவின் 1753ஆம் ஆண்டுத் திருமணமும் அங்கேதான் பதிவாகியுள்ளது. அதே ஆண்டுகளில் கோட்டைக்கு வெளியே பிறந்து, மணந்து, மறைந்த பல்லாயிரம் பேரைப் பற்றி அதற்கு ஒப்பான ஏடு எதுவும் கிடையாது.

சமயம் சார்ந்த பதிவு எத்தகைய கொடுமைக்கு இடமளிக்கும் என்பதைப் பிரான்ஸ் நாட்டின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. புராட்டஸ்டன்ட் மக்களுக்கு வழிபாட்டுரிமை அளித்திருந்த நாந்த் ஆணையைப் பதினான்காம் லூயி மன்னர் 1685இல் திரும்பப் பெற்ற பிறகு, கத்தோலிக்கக் குருவின் ஏட்டில் இடம்பெறுவது ஒன்றே சட்டப்படியான இருப்பு என்றாயிற்று. மறைவாகத் தம் போதகரிடம் மணம்செய்துகொண்ட புராட்டஸ்டன்ட் தம்பதியர் சட்டத்தின் பார்வையில் கணவன் மனைவி அல்லர். அவர்களின் பிள்ளைகள் முறையற்ற பிறப்பினராகக் கருதப்பட்டு, வாரிசுரிமை இழக்கும் நிலையில் வாழ்ந்தார்கள். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1787இல் பதினாறாம் லூயி வெளியிட்ட ஆணை, அவர்கள் தங்கள் பிறப்பையும் திருமணத்தையும் இறப்பையும் நீதிபதியின் முன்போ பங்குக் குருவின் முன்போ சமயச் சடங்கின்றிப் பதிய வழி திறந்தது. அதைத் தொடர்ந்து 1792 செப்டம்பர் 20 அன்று, புரட்சிக் காலச் சட்டமன்றம் எல்லாப் பதிவேடுகளையும் தேவாலயங்களிடமிருந்து நகராட்சிகளுக்கு மாற்றியது. அன்றுமுதல் பிறந்தவர் எச்சமயத்தவராயினும், சமயமே அற்றவராயினும், பதிவு பெறுவதற்குப் பிறந்ததே போதுமான தகுதியாயிற்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1639இலேயே ஞானஸ்நானத்துக்குப் பதிலாகப் பிறப்பையும், அடக்கத்துக்குப் பதிலாக இறப்பையும் அரசு அலுவலர் பதிய வேண்டும் என்று விதித்திருந்தது உண்மை. ஆயினும் ஒரு பெரிய நாடு முழுவதும் இக்கொள்கை சட்டமானது பிரான்சில்தான்.

அந்தப் பிரெஞ்சு ஏற்பாட்டின் கிளை ஒன்று புதுச்சேரிக்கும் வந்தது. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணைப்படி, தம் சாதி, சமய வழக்கங்களைச் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்ற தமிழர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதைப் பதிவேட்டில் எழுதச் செய்தார்கள். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. யார் அதற்கு உரியவர் என்ற கேள்விக்கான விடை பழைய பதிவேடுகளைச் சார்ந்திருந்தது. தாத்தா எங்கே பிறந்தார் என்று ஓர் எழுத்தர் எழுதிய வரி, பேரனின் நாட்டைத் தீர்மானித்தது.

பதிவேட்டைப் பாதுகாப்பதும் எளிதன்று. பிரான்சில் ஒவ்வொரு பதிவும் இரண்டு படிகளாக எழுதப்பட்டு இரண்டு இடங்களில் வைக்கப்பட வேண்டும் என்பது 1667ஆம் ஆண்டு முதல் இருந்த விதி. பாரிஸ் நகரில் ஒரு படி நகர மாளிகையிலும் மற்றொன்று நீதி மாளிகையிலும் இருந்தன. 1871 மே மாதம், நகரை ஆண்ட புரட்சி அரசான பாரிஸ் கம்யூன் வீழ்ச்சியடைந்த நாட்களில் இரண்டு கட்டடங்களும் எரிந்தன. 1860க்கு முந்தைய பதிவுகளில் ஏறத்தாழ 80 லட்சம் சாம்பலாயின. குடும்பத்தினர் கையிலிருந்த நகல்கள், பங்கு ஏடுகள், நோட்டரிகளின் ஆவணங்கள் ஆகியவற்றைத் திரட்டிப் பல ஆண்டுகள் உழைத்தும் அவற்றில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மீட்டெழுத முடிந்தது.

இங்கிலாந்தில் மாற்றம் மெதுவாக வந்தது; ஆனால் அங்கே குடிமைப் பதிவின் பயன்கள் மிக விரிவாக வெளிப்பட்டதால் அந்த வரலாற்றைச் சற்று நின்று பார்ப்பது தகும். 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்துக்குப் பிறகு, குவேக்கர்களையும் யூதர்களையும் தவிர மற்ற அனைவரும் அரசுத் திருச்சபையில் மணந்தால்தான் திருமணம் செல்லும் என்றாயிற்று. பாப்டிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், மெதடிஸ்ட் முதலிய சபையினர் தொழில்துறை வளர்ந்த நகரங்களில் பெருகினார்கள். தங்கள் குழந்தைகளின் பிறப்பைத் தங்கள் சபை ஏடுகளில் எழுதினார்கள். நீதிமன்றங்கள் அந்த ஏடுகளை அரசுத் திருச்சபையின் ஏடுகளுக்கு இணையாக ஏற்கவில்லை. சொத்து வழக்கில் தந்தையின் மகன் என்று நிறுவ முடியாமல் போவோமோ என்ற கவலை அவர்களைப் பதிவுச் சீர்திருத்தத்துக்காக வாதாட வைத்தது. அரசியல்வாதிகள் தந்த வரம் என்று அடுத்து வந்த சட்டத்தைக் கூறுவதைவிட, அச்சபையினர் விடாமல் மனுக்கொடுத்துப் பெற்றது என்று கூறுவதே பொருத்தம்.

அதே ஆண்டுகளில் ஆலைத் தொழிலாளர் சட்டமும் பதிவின் தேவையை உணர்த்தியது. 1833ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பஞ்சாலை போன்ற நெசவுத் தொழிற்கூடங்களில் அமர்த்தக் கூடாது என்றும், ஒன்பது முதல் பதின்மூன்று வயது வரையுள்ளவர்களின் வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு என்றும் விதித்தது. ஆனால் ஒரு குழந்தைக்கு வயது ஒன்பதா ஏழா என்று காட்டப் பெரும்பாலான ஏழைக் குடும்பங்களிடம் எந்தத் தாளும் இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்குரிய உடற்கட்டும் தோற்றமும் இருக்கின்றன என்று மருத்துவர் பார்த்துச் சான்றளித்தால் போதும் என்றாயிற்று. உயரத்தை அளந்து வயதைக் கணிக்கும் யோசனையும் எழுந்தது. பல் மருத்துவர் எட்வின் சாண்டர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பற்களைச் சோதித்து, பல் முளைக்கும் வரிசையைக் கொண்டு வயதை அறியலாம் என்று 1837இல் ஆய்வுரை வெளியிட்டார். குழந்தையின் வாயைத் திறந்து பல்லை எண்ணித்தான் அதன் உழைப்பு நேரத்தை முடிவுசெய்ய வேண்டியிருந்தது என்பது, பாதுகாப்புச் சட்டம் எவ்வளவு நல்லதாயினும் பிறப்புப் பதிவு இல்லாதபோது அதற்குக் கைகால் இல்லை என்பதைக் காட்டுகிறது.

1836இல் நிறைவேறிய பிறப்பு–இறப்புப் பதிவுச் சட்டம் 1837 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதற்கும் ஒரு தலைமைப் பதிவாளர், மாவட்டங்களுக்குக் கண்காணிப்பாளர்கள், சிறு வட்டாரங்களுக்குப் பதிவாளர்கள் என்று அமைப்பு உருவாயிற்று. ஏழைகளுக்கு உதவ 1834இல் ஏற்படுத்தப்பட்ட வட்டாரப் பிரிவுகளின் மேலேயே பதிவு மாவட்டங்களை அமைத்ததால் செலவு குறைந்தது. ஆனால் அப்பிரிவுகள் நடத்திய ஏழை விடுதிகளை வெறுத்த மக்களிடையே பதிவின் மேல் ஐயம் கூடியது. தொடக்கத்தில் பிறப்பைத் தேடி அறிந்து எழுதும் பொறுப்பு பதிவாளருடையதாக இருந்தது. பெற்றோர் தாமே வந்து அறிவிக்க வேண்டும், தவறினால் தண்டம் என்ற நிலை 1874ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வந்தது. இறப்புக்கு மருத்துவரின் சான்றும் அதே சட்டத்தால் கட்டாயமாயிற்று.

தலைமைப் பதிவகத்தில் 1839 முதல் நாற்பது ஆண்டுகள் பணியாற்றிய வில்லியம் ஃபார், ஷ்ராப்ஷயர் பகுதியில் பண்ணைத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து மருத்துவம் பயின்றவர். ஊர் ஊராக வந்து குவிந்த இறப்புப் பதிவுகளை வயது, இடம், தொழில், நோய் என்று பகுத்து அவர் எழுதிய ஆண்டறிக்கைகள், ஏழையும் செல்வரும் ஒரே அளவில் சாவதில்லை என்ற உண்மையை மறுக்க முடியாத எண்களாக நாடாளுமன்றத்தின் முன் வைத்தன. 1841ஆம் ஆண்டு விவரங்களைக் கொண்டு அவர் கணித்தபடி, சர்ரி பகுதியில் பிறந்த குழந்தை சராசரியாக 45 ஆண்டுகள் வாழலாம், லண்டனில் 37, லிவர்பூல் துறைமுக நகரில் 26. ஒரே அரசின் கீழ், ஒரே தட்பவெப்பத்தில், சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் வாழ்நாள் ஏறத்தாழ இருபதாண்டுகள் குறைகிறது என்றால் அது விதியாக இருக்க முடியாது. கழிவுநீரும் நெரிசலும் பட்டினியுமே காரணம் என்று சுகாதாரச் சீர்திருத்தக்காரர்கள் வாதிட அந்த அட்டவணை ஆதாரமாயிற்று. லண்டன் நகரின் வாராந்தர இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்து ஜான் கிராண்ட் என்ற துணிவணிகர் 1662இலேயே நூல் வெளியிட்டிருந்தார். பட்டியல்களிலிருந்து பொதுவிதிகளைக் காணலாம் என்ற அவருடைய கண்டுபிடிப்பை ஃபார் ஒரு நாட்டின் அன்றாட நிர்வாகக் கருவியாக ஆக்கினார். நோய்களுக்கு எங்கும் ஒரே பெயரும் வகையும் வேண்டும் என்று அவர் வலியுறுத்தியதன் தொடர்ச்சியாக, பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்த்தியோன் 1893இல் பன்னாட்டு இறப்புக் காரணப் பட்டியலை அளித்தார். உலக சுகாதார நிறுவனம் இன்று பராமரிக்கும் பன்னாட்டு நோய் வகைப்பாடு அதன் வழிவந்தது.

இறப்புப் பதிவின் பயனுக்கு 1854ஆம் ஆண்டு நிகழ்ச்சி மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. லண்டனில் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்னோ தலைமைப் பதிவகத்திடம் அனுமதி பெற்று, செப்டம்பர் 2ஆம் நாளோடு முடிந்த வாரத்தில் அங்கே பதிவான காலரா இறப்புகள் 89இன் முகவரிகளையும் எடுத்தார். வீடு வீடாகச் சென்று விசாரித்ததில், ஏறத்தாழ எல்லா இறப்புகளும் பிராட் தெருவிலிருந்த அடிகுழாய் ஒன்றைச் சூழ்ந்து நிகழ்ந்தவை என்று தெரிந்தது. அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. காலரா தூய்மையற்ற காற்றால் பரவுகிறது என்று நம்பியிருந்த ஃபார், பின்னர் தம் பதிவாளர்களைக் கொண்டே இறந்தோர் வீடுகளுக்கு எந்த நிறுவனம் தண்ணீர் அளித்தது என்று கேட்டெழுதச் செய்தார். 1866இல் கிழக்கு லண்டனில் காலரா மீண்டும் வந்தபோது தண்ணீரே காரணம் என்று தாமே எழுதினார். இறந்த ஒருவரின் முகவரியை ஒழுங்காக எழுதிவைத்த எழுத்தர்களின் உழைப்பு, பின்னர் வாழ்ந்த கணக்கற்றோரின் உயிரைக் காத்தது.

இந்தியாவிலும் குடிமைப் பதிவு சுகாதாரத் துறையின் வழியாகவே நுழைந்தது. படைவீரர்களிடையே நோய்ச்சாவு மிகுந்ததால் 1860களில் மாகாணங்களில் சுகாதார ஆணையர்கள் நியமிக்கப்பட்டு இறப்பு எண்ணிக்கை திரட்டப்பட்டது. ஆட்சிக்குத் தேவைப்பட்டது எண்ணிக்கை மட்டுமே. இறந்தவரின் குடும்பத்துக்கு ஒரு சான்று தரவேண்டும் என்ற எண்ணம் அதில் இல்லை. 1886ஆம் ஆண்டுச் சட்டம் விரும்புவோர் பதியலாம் என்றதோடு நின்றது. சென்னை மாகாணம் 1899இல் தனிச் சட்டம் இயற்றியது. நாடு முழுவதற்கும் பொதுவான கட்டாயச் சட்டம் விடுதலைக்குப் பின் 1969இல்தான் நிறைவேறி, 1970 ஏப்ரல் முதல் பெரும்பாலான மாநிலங்களில் நடைமுறைக்கு வந்தது. இந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் பெண் குழந்தைகள். பெண்ணுக்குக் குறைந்தபட்சத் திருமண வயது 14 என்று விதித்த சாரதா சட்டம் 1930இல் நடைமுறைக்கு வந்தபோது, மணமகளின் வயதை மெய்ப்பிக்கப் பெரும்பாலும் பெற்றோரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு எதுவும் இல்லை. தமிழகத்தில் முதியவர்கள் பலருக்கு ஆவணப்படியான பிறந்தநாள் மே, ஜூன் மாதங்களில் அமைந்திருப்பதற்கும் இந்தப் பதிவின்மையே காரணம். பள்ளி திறக்கும் மாதத்தில் சேர்ந்த பிள்ளைக்கு, சேர்க்கைக்குரிய வயது நிறைவாகும்படி தலைமையாசிரியர் பின்னோக்கிக் கணக்கிட்டு ஒரு தேதியை எழுதினார். அதுவே ஓய்வுபெறும் நாள் வரை அவருடன் வந்தது.

1969ஆம் ஆண்டுச் சட்டம் கவனமாக எழுதப்பட்ட சட்டம். யாரும் விடுபடக் கூடாது என்ற அக்கறை அதன் விதிகளில் தெரிகிறது. வீட்டில் நிகழ்ந்த பிறப்பையும் இறப்பையும் குடும்பத் தலைவர் 21 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மருத்துவமனையில் நிகழ்ந்தால் அதன் பொறுப்பு மருத்துவர். சிறையில் நிகழ்ந்தால் சிறைப் பொறுப்பாளர். விடுதியிலோ சத்திரத்திலோ நிகழ்ந்தால் அதன் பொறுப்பாளர். ஓடும் வண்டியில் நிகழ்ந்தால் வண்டியின் பொறுப்பாளர் அது முதலில் நிற்கும் இடத்தில் அறிவிக்க வேண்டும். பொது இடத்தில் கைவிடப்பட்ட சிசுவுக்கும் ஊர்த் தலைவரோ காவல் நிலைய அதிகாரியோ அறிவிப்பாளர் ஆகிறார். 21 நாள் கடந்தால் தாமதக் கட்டணமும், முப்பது நாள் கடந்தால் உயர் அலுவலரின் அனுமதியும், ஓராண்டு கடந்தால் நடுவரின் ஆணையும் வேண்டும். பெயர் வைக்காமலே பிறப்பைப் பதியலாம். ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் பதினைந்து ஆண்டுகள் வரை கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்கலாம். அறிக்கைப் படிவம் சட்டப் பகுதி, புள்ளிவிவரப் பகுதி என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: முதற்பகுதி பதிவேடாகப் பதிவாளரிடம் நிலைக்கும், தாயின் கல்வி, பிரசவம் நடந்த இடம் போன்றவற்றைக் கொண்ட இரண்டாம் பகுதி கணக்கீட்டுக்காக மேலே செல்லும். இறப்பின் காரணம் பதிவேட்டில் எழுதப்பட்டாலும், வெளியாருக்குத் தரப்படும் நகலில் அதை வெளியிடக் கூடாது என்றும் சட்டம் கூறுகிறது.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பிறப்புப் பதிவானோர் 2005–06இல் நூற்றுக்கு 41 பேர் என்று கண்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 2019–21இல் அவ்வெண் 89 ஆக உயர்ந்ததைக் கண்டது. மருத்துவமனைப் பிரசவம் பரவியதும், பள்ளிச் சேர்க்கைக்குச் சான்று கேட்கப்பட்டதும் இவ்வுயர்வுக்குத் துணைநின்றன. 2023 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், அதன்பின் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை முதலியவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் ஆதாரம் என்று ஆக்கியுள்ளது. பல ஆவணங்களுக்காக அலைவது குறையும் என்பது நன்மை. பதிவு பெறாத பதினோரு விழுக்காட்டினர் பெரும்பாலும் யாருடைய வீட்டுக் குழந்தைகள் என்று எண்ணிப் பார்த்தால், சான்றைக் கேட்பதற்கு முன் அதை வீடு தேடிக் கொடுக்கும் கடமை அரசுக்கு முன்னிலும் பெரிதாகிறது என்பதும் தெளிவாகும்.

பதிவு இல்லாமையின் விளைவைத் தமிழர் வரலாற்றில் மலையகத் தமிழரை விடக் கொடுமையாக அனுபவித்தவர்கள் இல்லை. இலங்கையில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அங்கேயே பிறந்தவராயினும் தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டினால்தான் குடியுரிமை என்று விதித்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் குடியிருப்புகளான லயங்களில் பிறந்த தலைமுறைகளின் பிறப்பை முறையாகப் பதிய எவரும் அக்கறை கொண்டதில்லை. தேயிலைக் கணக்கில் ஒவ்வொரு ராத்தலும் எழுதப்பட்டது; அதைப் பறித்தவரின் பிறப்பு எழுதப்படவில்லை. ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களையும் அவர்களின் வழிவந்தோரையும் எண்ணிக்கையாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை லட்சம் பேர் பின்னர் பேசித் தீர்க்க. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அந்த மக்களைத் திட்டமிட்டு விலக்கிய அரசியல் முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. பதிவேட்டின் வெறுமை அந்த அரசியலுக்குக் கருவியாயிற்று.

நிறைந்த பதிவேடும் கொடியவர் கையில் ஆயுதமாகும் என்பதை மறைக்கக் கூடாது. நெதர்லாந்தில் மிக நேர்த்தியாகப் பேணப்பட்ட மக்கள் பதிவேடுகளில் சமயமும் எழுதப்பட்டிருந்தது. 1940இல் நாட்டைக் கைப்பற்றிய நாஜிகள் யூதர்களைத் தேடிப் பிடிக்க அவற்றைப் பயன்படுத்தினார்கள். அந்நாட்டு யூதர்களில் நான்கில் மூன்று பங்கினர் கொல்லப்பட்டார்கள். 1943 மார்ச் 27 அன்று சிற்பி கெரித் வான் டெர் வேன், ஓவியர் வில்லெம் அரோண்டெயஸ் முதலியோர் அடங்கிய எதிர்ப்புக் குழு ஆம்ஸ்டர்டாம் பதிவகத்துக்குத் தீவைத்தது. அட்டைகளில் ஒரு பகுதி மட்டுமே அழிந்தது. குழுவினர் பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெயர், பெற்றோர், நாள், இடம் ஆகியவற்றுக்கு மேல் ஒரு பத்தியைப் பதிவேட்டில் சேர்க்கும்போதெல்லாம், மோசமான ஓர் ஆட்சி அதை என்ன செய்யும் என்று கேட்டுப் பார்ப்பது அவசியம் என்று அந்த நிகழ்ச்சியை அறிந்தோர் வலியுறுத்துவதில் முழு நியாயம் இருக்கிறது.

1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் ஏழாம் பிரிவு, பிறந்த உடனே பதிவு பெறுவதைக் குழந்தையின் உரிமை என்று அறிவித்தது. இருந்தும் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 15 கோடிக் குழந்தைகள் பதிவு பெறவில்லை என்று யுனிசெஃப் 2024இல் மதிப்பிட்டது. இறந்தவருக்கு இத்தகைய பன்னாட்டு உரிமை ஆவணம் கிடையாது. இறப்புப் பதிவு உலகெங்கும் பிறப்புப் பதிவை விடப் பின்தங்கியிருப்பதில் வியப்பில்லை. இலங்கையில் போரில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு 2010ஆம் ஆண்டுத் தற்காலிகச் சட்டம் இறப்புச் சான்றிதழ் பெற வழிசெய்தபோது, உயிரோடு இருக்கலாம் என்று நம்பிய தாய்மாரும் மனைவியரும் பலர் அதை வாங்க மறுத்தார்கள். காணவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்து, வங்கிக் கணக்கு முதலியவற்றைக் கையாள உதவும் தனிச் சான்றிதழ் 2016இல் அங்கே சட்டமாயிற்று. இந்தியாவில் ஏழாண்டுகள் ஒருவரைப் பற்றிய செய்தியே இல்லையென்றால் அவர் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும்; அதுவரை குடும்பம் காத்திருக்க வேண்டும்.

இந்தியாவில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இறப்புகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 71தான் பதிவாயின. ஆண்களின் இறப்பை விடப் பெண்களின் இறப்பு குறைவாகவே பதிவாகிறது. பதிவான இறப்புகளிலும் மருத்துவர் காரணம் குறித்துச் சான்றளித்தவை 2020இல் நூற்றுக்கு 22.5 மட்டுமே, எஞ்சியவற்றில் நோய் என்னவென்று நாட்டுக்குத் தெரியாது. பெண்களின் இறப்பு விடுபடுவதன் காரணம் சட்டத்தில் இல்லை, சொத்தில் இருக்கிறது. கணவர் இறந்தால் வாரிசுச் சான்றிதழுக்கும், பட்டா மாற்றத்துக்கும், வங்கிக் கணக்குக்கும், கைம்பெண் ஓய்வூதியத்துக்கும் இறப்புச் சான்றிதழ் தேவைப்படுகிறது. ஆகவே குடும்பத்தினர் கிராம நிர்வாக அலுவலரையோ நகராட்சியையோ தேடிச் செல்கிறார்கள். நிலமும் வீடும் தன் பெயரில் இல்லாத மனைவி இறந்தால் அந்தத் தாளைக் கேட்போர் இல்லை. கேட்போர் இல்லாததால் எழுதுவோரும் இல்லை. பிரசவத்தில் இறந்தவரா, காசநோயில் இறந்தவரா, தீக்காயத்தில் இறந்தவரா என்று அறிய வேண்டிய பொதுச் சுகாதாரத் துறைக்கும் காவல் துறைக்கும் அந்த இடம் வெறுமையாகவே போய்ச் சேர்கிறது. பெண்ணின் பெயரில் பட்டா, கூட்டுப்பட்டா, சேமிப்புக் கணக்கு, காப்பீடு ஆகியவை பெருகும் ஊர்களில் அவளுடைய இறப்பும் பதிவாகும். சுடுகாட்டுப் பொறுப்பாளரும் இறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்று சட்டம் ஏற்கெனவே கூறியிருப்பதை எல்லா ஊராட்சிகளும் நடைமுறைப்படுத்தினால், சொத்து எதுவும் இல்லாதவளின் இறப்பும் பதிவேட்டை வந்தடையும்.